மொட்டை ஹெல்மெட்

எதிரணிக்காரனின் டிரக்கில் சாய்ந்தபடி ஓடிஸ் ப்ரூவெட் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தவன் கோல் ஹாஸ்கின்ஸ். இன்னும் சற்று நேரத்தில் ஓடிஸின் அணிக்கு எதிராகப் பந்து வீசப்போகிற அதே கோல்.

பயிற்சியாளர் டில்லார்ட் பள்ளிப் பேருந்தின் படியிலேயே நின்றுவிட்டார்.

"பாத்தியா லோனி? மேட்ச் அன்னிக்கு என்ன கொஞ்சல்!"

துணைப் பயிற்சியாளர் லோனி எட்டிப் பார்த்தார். "அந்தப் பய நம்ம ஓடிஸோட அக்காவச் சுத்திட்டிருக்கான், கோச். வருங்கால மச்சானுக்குத் தீனி போடறான்."

"மச்சானா? அப்ப இன்னும் மோசம்."

இந்த அமெரிக்கக் கால்பந்து அரையிறுதியில் தோற்றால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு பயிற்சியாளரைத் தேடுவார்கள் என்று ஒஹாயோவின் அந்தச் சிற்றூர் முழுக்கப் பேச்சு. முடிவெட்டுகிறவர்கூட டில்லார்டின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

டில்லார்டின் அணியில் தடுப்பாட்டக்காரனின் தரத்தை அறிய அவன் ஹெல்மெட்டைப் பார்த்தால் போதும். பந்து வீசப்போகிறவனை மண்ணில் சாய்த்தால் ஒரு கரடிப் பாத ஸ்டிக்கர். பறக்கிற பந்தைக் குறுக்கே பாய்ந்து பறித்தால் ஒன்று, ஓடுகிறவன் கையிலிருந்து தட்டிவிட்டால் ஒன்று. திங்கட்கிழமைதோறும் எல்லோர் முன்னிலையிலும் அவரே ஒட்டுவார்.

ஓடிஸோடு தடுப்பில் நிற்கும் ப்ரோடியின் ஹெல்மெட்டில் இனி ஒட்ட இடமில்லை. ஓடிஸினுடையது மட்டும் கடையில் வாங்கியபடியே மொட்டையாக இருந்தது. சோம்பேறி என்றுதான் டில்லார்ட் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது வேறு என்னவோ நெருடியது.

ஆட்டம் தொடங்கியது. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிஸ் காவல் நின்றான். கோல் நடுவில் வீசினான், ப்ரோடி இருந்த பக்கம் வீசினான், வீச வழியில்லாதபோது தானே தூக்கிக்கொண்டு ஓடினான். ஓடிஸ் பக்கம் மட்டும் ஒரு பந்துகூடப் போகவில்லை.

அங்கே கோல் வீசும் பந்தைப் பிடிக்க ஓடிஸோடு மல்லுக்கட்ட வேண்டிய எதிரணி நெட்டைப் பையன், ஓடுவதும் திரும்பிப் பார்ப்பதும் இடுப்பில் கைவைத்து நிற்பதுமாக இருந்தான்.

"ரெண்டு பேரும் பார்க்குக்கு வந்த மாதிரில்ல நிக்கறாங்க!" என்று பல்லைக் கடித்தார் டில்லார்ட்.

இடைவேளையில் அவர் அணி மயிரிழையில் முன்னால் இருந்தது. உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் கூப்பிட்டார்.

"ஓடிஸ், இங்க வா. அந்தக் கோல் உங்கிட்ட என்னடா சொன்னான்?"

"நாளைக்கு அக்காவ சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறானாம், சார்."

"அதுக்கு அவ்ளோ சிரிப்பா?"

"கூட எங்க அம்மாவும் வராங்கன்னு அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது, சார்."

பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். டில்லார்ட் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

"சீசன் பூரா ஒரு பாதமாவது வாங்கினியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

ஓடிஸ் தோளைக் குலுக்கினான். "பந்து வரலையே, சார்."

"ப்ரோடிக்கு மட்டும் எப்படி வருது? பந்து உன்னத் தேடி வருமா? நாமதான்டா போகணும்."

"என் ஆளு அங்கல்ல நிக்கறான்? அவன விட்டுட்டு எப்படி சார் போறது?"

நல்ல பிள்ளை போலப் பதில் சொல்கிறானே, அதுதான் டில்லார்டை உறுத்தியது. ஆட்டம் முழுக்க ஒன்றும் செய்ய வேண்டாம். கடைசி நேரத்தில் ஒரே ஒரு பந்தைக் கண்டும் காணாமல் விட்டால் போதும். மச்சானுக்குச் சீர் செய்தது போலவும் இருக்கும், தன் வேலைக்கு உலை வைத்தது போலவும் இருக்கும்.

"நீ பெஞ்சுல உக்காரு. உன் எடத்துல ப்ரோடி நிப்பான்."

லோனி பதறினார். "கோச், அவசரப்படாதீங்க. ஒரு வார்த்த..."

"அவன் ஹெல்மெட்டப் பாத்துட்டுப் பேசு, லோனி."

லோனி பார்த்தார். ப்ரோடியைக் கூப்பிடப் போனார்.

ஓடிஸ் வெளியே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். எதிர்த்துக் கத்தாததையும் டில்லார்ட் கவனித்தார். குற்றமுள்ள நெஞ்சு எப்படிக் கத்தும்?

இரண்டாம் பாதியில் அணிகள் முனை மாறியதால், ஓடிஸ் நிற்க வேண்டிய இடம் இப்போது டில்லார்டின் மூக்குக்கு நேர் எதிரே வந்தது. அங்கே ப்ரோடி காலை அகட்டி நின்றான். அவன் தலைமேல் கரடிப் பாதங்கள் வெயிலில் பளபளத்தன.

டில்லார்ட் அன்று முதல் தடவையாக மூச்சைத் தளர விட்டார். "இனி யாரு யாருக்கு விட்டுக்கொடுக்கறான்னு பாத்துடலாம்."

நெட்டைப் பையன் மெதுவாக நடந்து வந்து தன் இடத்தில் நின்றான். எதிரே இருந்த ப்ரோடியைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான். பெஞ்சுப் பக்கம் திரும்பி, அங்கே ஓடிஸ் உட்கார்ந்திருப்பதைக் கண்டான்.

மறுகணம் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, குதித்துக் குதித்துக் கத்தினான்.

"டேய் கோல்! அவன உக்கார வெச்சுட்டாங்கடா! இப்பவாவது பயப்படாம எனக்கு வீசு!"