இலவசமாகப் பூசியது

வெர்னா சிலிண்டரை வாங்கிக்கொண்டாள். ஆனால் காற்றுக் குழாயை மாட்டவில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. சாயக் குண்டுகளால் சுட்டு விளையாட வந்தவர்கள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காற்று நிரப்பும் கொட்டகைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் பெயின்ட்பால் துப்பாக்கியும் அதற்கு மாட்டும் சின்னக் காற்றுச் சிலிண்டரும். வரிசையில் முதல் ஆள் தபால்காரன் லாயிட்.

கொஞ்சம் தள்ளி, மடக்கு மேசை போட்டு ராய்ஸ் உட்கார்ந்திருந்தான்.

லாரி பாகங்களுக்கு வண்ணம் பூசும் ஆலையை மூடியபோது அவனுக்கு வேலை போனது. பல மாதம் சும்மா இருந்தான். பிறகு யாரோ கழித்துப்போட்ட பெரிய மின்சார அடுப்பைக் கார் ஷெட்டில் வைத்து, பெயின்ட்பால் துப்பாக்கிகளுக்குப் பவுடர் கோட்டிங் செய்ய ஆரம்பித்தான். வண்ணத் தூளைத் தெளித்து அடுப்பில் சுட்டால் அது உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேசில் உரியாது. மனைவி மார்லீன் பழைய படுக்கை விரிப்பில் கடையின் பெயரை எழுதிக் கொடுத்தாள். மைதானத்தில் மேசை போட இடம் கொடுத்தவள் வெர்னா. மைதானம் அவளுடையது.

முதல் வாடிக்கையாளன் லாயிட்தான். துப்பாக்கிக்கு நாவல்பழ நிறம் கேட்டான். ராய்ஸ் சந்தோஷத்தில் அவனுடைய அலுமினியச் சிலிண்டருக்கும் அதே நிறத்தை இலவசமாகப் பூசிக் கொடுத்தான்.

அதைத்தான் வெர்னா இப்போது கையில் வைத்திருந்தாள்.

"இதை யாரு அடுப்புல வெச்சது?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அலுமினியத்தை இந்தச் சூட்டுல சுட்டா அதோட உரமே போயிடும். இதுல நான் காத்தை ஏத்தி வெடிச்சுதுன்னா முதல்ல என் கை போகும். இங்க தப்பிச்சா, மைதானத்துக்குள்ள போய் உன் மூஞ்சியில வெடிக்கும். யாரு பண்ணது?"

ராய்ஸுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சூடு பட்ட அலுமினியம் இளகிப்போவதை ஆலையில் எத்தனையோ தடவை பார்த்தவன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. நிறம் எப்படி எடுபடும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

எழுந்து நிற்க வேண்டும். நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அவன் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான்.

லாயிட் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் வெர்னா. துப்பாக்கிக்குப் பூசின தூள்ல மிச்சத்தை வாங்கிட்டுப் போய், பொண்டாட்டி ஊர்ல இல்லாதப்போ வீட்டு அடுப்புல வெச்சேன்."

"அடுத்த தடவை மேல கொஞ்சம் சீஸ் தூவிக்கோ" என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

வெர்னா சிரிக்கவில்லை. லாயிட்டை அத்தனை பேர் முன்னால் கிழிகிழியென்று கிழித்தாள். இந்த வயதில் மூளை வேண்டாமா என்றாள். உன்னை நம்பி ஊர்த் தபாலை எல்லாம் கொடுத்திருக்கிறார்களே என்றாள். லாயிட் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். காதுகள் மட்டும் சிவந்துபோயின.

பிறகு அவள் ராய்ஸைக் கூப்பிட்டாள்.

"ராய்ஸ், நீ இந்தத் தொழில்ல இருக்கறவன். நான் சொன்னா இவங்க மண்டையில ஏறாது. நீ வந்து சொல்லு."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனான்.

வாயைத் திறந்தபோது வந்தது வேறு. உலோகம் எப்படி இளகும், அது ஏன் கண்ணுக்குத் தெரியாது, சிலிண்டரை ஏன் அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று நிதானமாக விளக்கினான். குரல் நடுங்கவில்லை. நடுவில், "தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம் லாயிட்" என்றுகூடச் சொன்னான்.

லாயிட் தலையாட்டினான்.

இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி வெர்னா அந்தக் காலிச் சிலிண்டரில் ட்ரில்லால் ஓட்டை போட்டாள். சுருள் சுருளாக அலுமினியம் வந்தது. பூச்சு எங்கேயும் உரியவில்லை.

அதன்பிறகு ராய்ஸின் மேசையைச் சுற்றிக் கூட்டம். விஷயம் தெரிந்த ஆள் என்று துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றையும் வாங்கித் துணியில் சுற்றி வைத்தான். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் லாயிட் காபியோடு வந்தான். மேசைமேல் வைத்தான்.

"விடுப்பா. எனக்கென்ன, ரெண்டு வாரம் கிண்டல் பண்ணுவாங்க. உனக்கு இப்பதான் நாலு பேர் வர ஆரம்பிச்சிருக்காங்க." கொஞ்சம் தயங்கினான். "வேற யாருக்காவது பூசிக் கொடுத்திருக்கியா?"

ராய்ஸ் காபியைத் தொடாமல் எழுந்து கொட்டகைக்கு நடந்தான்.

வெர்னா உலோகத் துகள்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்லா உறைக்கிற மாதிரி சொன்னப்பா. உன்ன மாதிரி ஒருத்தன் இங்க இருக்கறது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வெர்னா, உங்க பொண்ணு பிறந்தநாளுக்குன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு துப்பாக்கிக்கு என்கிட்டப் பச்சை பூசி வாங்கிட்டுப் போயிருக்கார். உங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு எங்கயோ ஒளிச்சு வெச்சிருப்பார். கூடவே ஒரு சிலிண்டருக்கும் நான் பூசிக் கொடுத்திருக்கேன்."

அவள் கூட்டுவதை நிறுத்தினாள்.

"அதையும் கொண்டுவரச் சொல்லுங்க."