மரியாதையான மெயில்

பெயிண்டருக்குக் கம்பெனி தரவேண்டிய கூலி பதினாறாயிரத்து நானூற்றைம்பது. வராவிட்டால் வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

எழுத்துக்கூட்டி மெயில் போட்டார். ஒரு மாதம் கழித்து, ‘வணக்கம் எழுதவில்லை, திருத்தி அனுப்பவும்’ என்று பதில் வந்தது. அடுத்ததில் தலைப்பு இல்லையாம். அதைச் சொல்ல இன்னொரு மாதம். மூன்றாவதில் தொனி கடுமையாம். அதற்கும் ஒரு மாதம்.

“கூலி கேட்டா மரியாதைப் பாடமா நடத்துறானுங்க? நேர்ல போய் சத்தம் போடுங்க!” என்றாள் மனைவி.

“சும்மா இருடி. அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும்.”

வணக்கம், தலைப்பு, நன்றி எல்லாம் வைத்து நாலாவது மெயிலை அனுப்பினார். அன்றே பதில் வந்துவிட்டது. மனைவிக்கு உரக்கப் படித்தார்.

“அன்புள்ள ஐயா, தங்களிடமிருந்து முறைப்படி வந்த முதல் மெயில் இதுதான். மிக அருமை. கூலி கோருவதற்கான தொண்ணூறு நாள் கெடு நேற்றோடு முடிந்ததால், பாக்கி தள்ளுபடி செய்யப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி.”