இரண்டாம் தரச் சாலை

அம்சவேணியின் வீட்டு வாசலில் நின்றால் சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி தெரியும். ஆனால் அது முதல் தரச் சாலை. ஓட்டுநர் இல்லாத லாரிகள் மட்டுமே அதில் போகும். மனிதர்கள் குறுக்கே நடக்கக் கூடாது. பிரசவ வலி வந்த அன்று அவளை ஆட்டோவில் ஏற்றி, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். குழந்தை வழியிலேயே பிறந்து, வழியிலேயே இறந்தது.

நாற்பதாம் நாள் அவள் தனியாகச் சாலையில் இறங்கி நடந்தாள். லாரிகள் ஓரடி தள்ளி நின்றன. சாலை அதிகாரி ஓடிவந்தார்.

“என்னம்மா இது? வண்டி நிக்கிற ஒவ்வொரு தடவையும் பதிவாகுது. ஒரே நாள்ல நூறு தடவை நின்னா ரோடு ரெண்டாம் தரமாயிடும்.”

“ரெண்டாம் தரமானா என்ன ஆகும்?”

“சிக்னல் வெச்சு ஆளுங்க கடக்க வழி விடணும்.”

மறுநாள் விடிந்ததும் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். தயங்கி நின்றவர்களின் கையை அம்சவேணி பிடித்துக்கொண்டாள். அதிகாரி கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் வண்டியும் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் கணக்கு நூற்று நான்கைத் தொட்டுவிட்டது.

அடுத்த மாதம் சிக்னல் வந்தது. அதே வாரம் பக்கத்து வீட்டுச் செண்பகத்துக்கு வலி எடுத்தது. அம்சவேணி அவளைத் தோளில் தாங்கி நடத்திப் போனாள். பாதிச் சாலையில் பச்சை விளக்கு அணைந்ததும் செண்பகம் பதறினாள்.

“மெதுவா நட,” என்றாள் அம்சவேணி. “அதுங்க நிக்கட்டும்.”