முப்பது நாள் லீவு

சௌடப்பனின் தலை சுவரில் மோதியது. மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. உதடு கிழிந்து, ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"எழுதுங்கய்யா" என்றான் கோட்டைச்சாமி. சட்டையைப் பிடித்த பிடி தளரவில்லை. அடிக்கும்போதும் அவன் பேச்சில் மரியாதை குறையவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸ் அது, வருசம் அறுபத்தெட்டு. சௌடப்பன் அங்கே ஆஜரும் லீவும் பதியும் குமாஸ்தா. எடுக்காத லீவு அடுத்த வருசத்துக்குச் சேரும், முப்பது நாளுக்கு மேல் சேராது, மிச்சம் வீணாகிவிடும் என்று மில் தொழிலாளி கோட்டைச்சாமிக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"மூணு வருசமா ஒருநா லீவு போடல. மக காதுகுத்துக்குக்கூட வேலையை முடிச்சிட்டுத்தான் போனேன். சேந்த முப்பதும் எனக்கு வேணும். நாளையில இருந்து."

"நாளைக்கு என்ன நாளுன்னு எனக்குத் தெரியாதாப்பா?" சௌடப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார். "சங்கையா மதுரை ஜெயில்ல இருந்து வெளிய வாரான்."

ஊரே அறிந்த சங்கதி. ஏழு வருசத்துக்கு முன்னால், மடைத் தண்ணீர்த் தகராறில், கோட்டைச்சாமியின் அண்ணன் பால்ச்சாமியைப் பரளச்சிக் கண்மாய்க் கரையில் வைத்து வெட்டிக் கொன்றவன் சங்கையா. பன்னிரண்டு வெட்டு. சிதைந்து கிடந்த உடம்பை வேட்டியில் அள்ளி வந்தவன் கோட்டைச்சாமி.

"ஒங்க அண்ணன் மகன் ஐயாத்துரை பட்டாளத்துக்குப் போறானாமே. பழி வாங்க ஆளில்லாமப் போயிருமேன்னு நீ கெளம்பிட்டயாக்கும்."

"இன்னும் ஒரு மாசத்துல ரயிலேறுறான். அதுக்குள்ள..." சொல்ல வந்ததைக் கோட்டைச்சாமி விழுங்கிக்கொண்டான். "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்குய்யா? எழுதுங்க."

"லீவில்லாமப் போயேன். யாரு தடுத்தா?"

"பத்து நாளு வரலைன்னா பேரை அடிச்சிருவீக. எம்பிள்ளைக எதைத் திங்கும்?"

"தூக்குல தொங்கப் போறவனுக்கு வேலை எதுக்குப்பா?"

அடுத்த குத்து மூக்கில் விழுந்தது. சௌடப்பன் மேசைமேல் சாய்ந்தார், மைக்கூடு கவிழ்ந்தது. கோட்டைச்சாமி மேசையில் கிடந்த இரும்பு ரூல்தடியை எடுத்து ஓங்கினான்.

சௌடப்பன் தலையை மறைத்துக்கொள்ளவில்லை. லீவுப் புத்தகத்தைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அடிச்சுக் கொன்னாலும் எழுதமாட்டேன். அந்தச் சௌடேஸ்வரி அம்மன் மேல சத்தியம். நீ கொலைகாரனா ஆகுறதுக்கு நான் லீவு எழுதிக் குடுத்தா, ஒம்பிள்ளைக மொகத்துல நான் எப்படிப்பா முழிப்பேன்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. இத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு, அடித்தவனுடைய பிள்ளைகளை நினைத்துக் கண்ணீர் விடும் மனிதரைக் கோட்டைச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ரூல்தடியைக் கீழே வைத்தான். பானைத் தண்ணீரில் தன் துண்டை நனைத்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினான். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஒங்களை அடிச்ச கை வெளங்காதுய்யா. வெளிய தெரிஞ்சா ஊருல என்னைக் கோழைப்பயன்னு காறித் துப்புவாக. அதான் வாயைத் தெறக்கல."

"என்னப்பா சொல்ற? சங்கையாவை வெட்டத்தான இந்த முப்பது நாளு?"

"வெட்டுறதுக்கு அரை நாளு போதும்யா. எங்க அண்ணன் மகன் வெட்டிறாமக் காவ கெடக்கத்தான் முப்பது நாளு வேணும்."