மாஸ்க் கழுவியவர்

தூக்கத்தில் அருமைநாயகத்துக்கு மூச்சு நின்றுவிடாமல் காற்று செலுத்தும் சிபாப் மெஷினின் மாஸ்க்கையும் குழாயையும் இதுவரை அவர் மனைவிதான் தினமும் கழுவி வைத்தாள். வழுக்கி விழுந்து அவளுக்குக் கையில் மாவுக்கட்டு போட்டபின் அவரே கழுவ வேண்டி வந்தது. அவர் மாஸ்க்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடப் போனபோது, "நில்லுங்க" என்று தடுத்தவள், இடது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். மகள் ஜெபசெல்வி வெளியூரில் நர்ஸ். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவர் அவளோடு பேசியதில்லை.

அவர் அடுப்பை அணைத்தார்.

"கொதிக்கிற வெந்நி வேண்டாம்ப்பா, மாஸ்க் கெட்டுப்போயிரும். வெதுவெதுப்பா எடுத்து, சோப்புத் தண்ணில மெதுவா தேய்ங்க."

தேய்த்தார்.

"குழாய வெயில் படாம தொங்கப் போடுங்க. காஞ்சதும் கூப்பிட்டா, காத்து கசியுதான்னு கேட்டுச் சொல்லுதேன்."

"ம்" என்றார்.

மதியம் எல்லாம் காய்ந்திருந்தது. அவரே மகளின் எண்ணை அழுத்தினார். அவள் சொன்னபடி மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டார். கன்னத்தோரம் காற்று சீறியது.

"வாரை இழுத்துவிடுங்கப்பா."

இழுத்தார். சீறல் நின்றது.

"சரியாயிட்டு. இனி கழட்டிரலாம்."

அவர் கழற்றவில்லை. கழற்றினால் ஏதாவது பேச வேண்டும். மூச்சு போய் வரும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. பின்னால் யாரோ அவளை வார்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"வாரேன், செத்த இருங்க" என்று அங்கே சொன்னாள். பிறகு போனில், "விடுங்கப்பா. நல்லா மூச்சு விடுங்க. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள்.