கை தூக்காத கூட்டம்

உட்கார இடமில்லை. சர்ச் ஹாலில் கடைசி வரிசை வரைக்கும் ஆட்கள். ஈரக் குடையை மடக்கிக்கொண்டே நுழைந்த மேவிஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையில கூட்டம் வச்சா எவன் வரப்போறான்னு நினைச்சிருப்பாங்க. பாத்தீங்களா, ஊரே திரண்டுடுச்சு!" என்றாள், நகர்ந்து இடம் கொடுத்த பெண்ணிடம். "எனக்கே நர்ஸ் பொண்ணு சொல்லித்தான் தெரியும். நேத்து ராத்திரிதான் சொன்னா."

அந்தப் பெண் மழைக்கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, "ம்" என்றாள்.

ஹேவர்டேல் சின்ன ஊர். காலமெல்லாம் ரொட்டிக் கடையில் நின்ற மேவிஸுக்குத் தெரியாத முகம் கிடையாது. ஆனால் இந்த ஹாலில் ஒரு முகமும் பிடிபடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் முளைத்திருக்கின்றனவே, அந்த ஜனமாக இருக்கும். எந்த ஜனமானால் என்ன, வந்தார்களே!

மேடையில் சுகாதார நிர்வாகத்தின் அதிகாரி ஆலிஸ்டர், ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவைப் பெருநகரத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் திரையில் வட்டம் வட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மூடுறோம்னு யாரும் சொல்லல. ஒருங்கிணைக்கிறோம்."

"மூடுறதுக்கு இப்படியும் ஒரு பேரா!" என்றாள் மேவிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார்கள்.

"கேள்வி நேரம் பின்னாடி வருது மேடம். முதல்ல எல்லாரும் எழுந்து வாங்க. சுவத்துல 'தரம்', 'பாதுகாப்பு', 'கனிவு'ன்னு அட்டை ஒட்டியிருக்கோம். உங்களுக்கு எது முக்கியமோ அதுல ஒரு பச்சைப் பொட்டு வைங்க."

மேவிஸ் மூன்று அட்டையையும் மேலும் கீழும் பார்த்தாள். "'பக்கத்துல இருக்கணும்'னு ஒரு அட்டை எங்க?"

"அது இந்த ஆலோசனைக்குள்ள வராது மேடம்."

"அப்ப இந்தப் பொட்டை உங்க நெத்தியில ஒட்டவா?"

ஆலிஸ்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். மற்றவர்கள் கையில் தேநீரோடு தள்ளி நின்று பார்த்தார்களே தவிர, ஒருவரும் பொட்டைத் தொடவில்லை. அதுவும் மேவிஸுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. ஏமாறுகிற கூட்டமில்லை இது.

ஒருவழியாகக் கேள்வி நேரம் வந்தது. எழுந்தது ஒரே ஒரு கை.

"என் வீட்டுக்காரர் டெஸ்மண்டுக்கு வாரம் மூணு நாள் அந்த மெஷின். இப்ப கையைப் புடிச்சு நடத்தியே கூட்டிட்டுப் போயிடறேன். இனிமே போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். மெஷின்லேருந்து எழுந்து வர்ற மனுஷன் புழிஞ்சு போட்ட துணி மாதிரி இருப்பாரு. அவரை மழையில பஸ் ஸ்டாப்புல சாத்தி வைக்கவா?"

"போக்குவரத்துக்குன்னு தனியா ஒரு குழு..."

"இருங்க, முடிக்கல. அவர் என்ன சொல்லிட்டாரு தெரியுமா? 'அவ்வளவு தூரம்னா என்னால ஆகாது மேவிஸ், நான் நிறுத்திக்கிறேன்'னுட்டாரு. நிறுத்தினா எத்தனை நாள் தாங்கும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

ஹாலெங்கும் பேனாக்கள் ஓடின.

"ரொம்ப முக்கியமான கருத்து மேடம். உங்க நேரம் முடிஞ்சுது."

மேவிஸ் அவரை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இவர்கிட்ட பேசி என்ன கண்ணுங்களா! நாம சொல்லுவோம். மூடக் கூடாதுங்கறவங்க கையைத் தூக்குங்க!"

தன் கையை உயர்த்திப் பிடித்தாள். ஒரு கைகூட எழவில்லை. ஒருவர் ஷூவைப் பார்த்தார். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார், அது உடைந்து உள்ளே விழுகிறவரை.

"என்ன, வாயிலதான் பிஸ்கட்டு, கையிலயுமா? உங்க வீட்டுல ஒருத்தர் அந்த மெஷின்ல படுத்தாத்தான் கை எழும்புமா?"

"நிறைஞ்ச கூட்டத்துல எதிர்ப்பு ஒரே ஒரு கை," என்று உதவியாளரிடம் சொன்னார் ஆலிஸ்டர். "குறிச்சுக்கோ."

மேவிஸ் தொப்பென்று உட்கார்ந்தாள். டெஸ்மண்டிடம் போய் என்ன சொல்வது? ஊரே கைவிட்டுவிட்டது என்றா?

பக்கத்துப் பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. நான் கை தூக்கக் கூடாது."

"ஏன், சுளுக்கா?"

"நான் கவுன்சிலர். சுகாதார மேற்பார்வைக் குழுவிலேருந்து வந்திருக்கேன். மக்கள்கிட்ட ஒழுங்கா கருத்துக் கேக்குறாங்களான்னு பாக்கணும். பாக்க வந்தவ ஒரு பக்கம் சாயக் கூடாதில்லையா?"

மேவிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீங்க சாயாதீங்க. முன்வரிசைக்கு என்ன கேடு?"

"அவங்கல்லாம் நிர்வாகத்து ஆளுங்க. கூட்டம் எப்படி நடந்துச்சுன்னு மேலிடத்துக்குச் சொல்லணும்."

"நடுவுல இருக்கறவங்க?"

"பக்கத்து மாவட்டம். கருத்துக் கேக்குற கூட்டம் எப்படி நடத்துறதுன்னு கத்துக்க வந்திருக்காங்க."

"பின்னாடி அத்தனை பேரு?"

கவுன்சிலர் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ஒழுங்கா மேற்பார்வை பாக்குறமான்னு பாக்க வந்தவங்க."

மேவிஸ் ஹாலை ஒரு சுற்று பார்த்தாள். எல்லா முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப பொதுமக்கள் யாரும்மா?"

"நீங்கதான்."