ஆளில்லாத ஊர்

மகளுக்குப் பனியில் புதைந்து கிடக்கும் ஊர் கிடைத்துவிட்டது என்று வேதவள்ளி கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சிகாகோ கிடைச்சதுக்குத்தானே?" என்றார் கணவர் மோகனதாஸ்.

"அது ரெண்டாவது வருஷத்துலேர்ந்து. கேசரி முதல் வருஷத்துக்கு."

அமெரிக்காவில் ஸ்கேன் டாக்டர் ஆக, முதல் வருஷம் பொது மருத்துவத்தில் குப்பை கொட்ட வேண்டும். அதற்கு விண்ணப்பமும் தனி, ஊரும் தனி. மயக்க மருந்து டாக்டருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்கேனுக்கு மகள் ரஷ்மியும் மயக்க மருந்துக்கு அவளுடன் ஆக்லாந்தில் படித்த விதுஷனும் சொல்லிவைத்து சிகாகோ கேட்டார்கள். இருவருக்கும் கிடைத்தும்விட்டது.

விதுஷனை வேதவள்ளிக்குக் கட்டோடு பிடிக்காது. அவன் அம்மா அன்னபாக்கியத்துக்கோ ரஷ்மி என்றால் வேப்பங்காய். ஆக்லாந்தில் அவர்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில் பேட்டைக் கடையில் எதிரே வந்தால் இரண்டு அம்மாக்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காதலைக் கலைப்பதில் மட்டும் ஒற்றுமை.

"ஒரு வருஷம் பார்க்காம இருந்தாப் போதும். ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க," என்றாள் வேதவள்ளி.

அதற்காகத்தான் ஊர் முடிவு செய்யும் சமயத்தில், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த நரேந்திரன் டாக்டரிடம் அவள் போனாள். "நம்ம ஆளுங்க யாரும் எட்டிப் பார்க்காத ஊரா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

மனிதர் யோசிக்கக்கூட இல்லை. நார்த் டகோட்டாவில் ஓர் ஊரைச் சட்டென்று சொன்னார். "அங்க போக ஆள் கிடையாதும்மா. விருப்பப் பட்டியல்ல முதல் இடத்துல போட்டாக் கிடைச்சிடும்."

ரஷ்மி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த ஊர்ல ஒரு வருஷம் இருந்துட்டு வா. அப்பவும் அவன்தான் வேணும்னா நான் குறுக்கே நிக்கல," என்று அப்பா முன்னால் வேதவள்ளி வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த ஊரை முதலில் போட்டாள்.

நேற்றுவரை உம்மென்று இருந்தவள், இன்று பாட்டை முணுமுணுத்தபடி சமையலறைக்குள் வந்தாள். கேசரியை இரண்டு டப்பாக்களில் போட்டு மூடினாள்.

வேதவள்ளிக்கு மனசு இளகிவிட்டது. பெண்ணைத் தனியாக அனுப்புகிறோமே என்று கண்கூடக் கலங்கியது. "அம்மா மேல கோபம் இல்லையே?"

"சேச்சே. அந்த வாக்கு மட்டும் ஞாபகம் இருக்கட்டும் மா."

"இருக்கு, இருக்கு. ரெண்டாவது டப்பா யாருக்கு?"

"விதுஷனுக்கு. அவன் அம்மாவும் நரேந்திரன் அங்கிள்கிட்டதான் ஊர் கேட்டாங்களாம்."